இளநீரில் வந்த துண்டு

நான் டாக்டர்தான். ஆனால் மருந்துச் சீட்டு எழுதாத டாக்டர். அறுத்து எடுத்த சதையை மெழுகில் உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். அந்தப் படிப்புக்குத் தமிழில் நோய்க்குறியியல் என்று பெயர். சொந்தக்காரர்களிடம் சொன்னால், "அப்ப ஊசி போட மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். "நீ பாக்குற நோயாளி ஒருத்தர்கூட உன்னப் பாத்ததில்ல. அது அவுகளுக்கும் நல்லதுதான்" என்பார். என் கோபம் அவருக்குத் தெரியும்.

எங்கள் ஆய்வுக்கூடம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. எழுபதுகளில் அங்கே குளிர்சாதனம் எல்லாம் கிடையாது. சித்திரை வெயிலில் மெழுகு இறுகாமல் குழைந்துகொண்டு நிற்கும். ஐஸ் கம்பெனியில் இருந்து மரத்தூள் ஒட்டிய கட்டியை வாங்கிவந்து, அதன்மேல் மெழுகை வைத்து இறுகச் செய்து, அது மறுபடி இளகுவதற்குள் சீவியாக வேண்டும். அந்த நேரத்தில் யாராவது கதவைத் திறந்து "மேடம்" என்று கூப்பிட்டால் கடித்துத் துப்பிவிடுவேன். என் குரல் கேட்டால் அட்டெண்டர்கள் மாடிப்படி வழியாக இறங்கிப் போய்விடுவார்கள் என்று பிறகு தெரியவந்தது.

அந்தக் கூடத்துக்கு வந்த துண்டுகளில் கன்னத்துப் புற்று அதிகம். அதிலும் கிராமத்துப் பெண்களுடையது அதிகம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையை ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நாள் முழுக்க நடவு நடுகிறவர்கள். சிலர் அதை அடக்கிக்கொண்டே தூங்குவார்கள். புகையிலை அடங்கும் இடத்தில் முதலில் வெள்ளையாக ஒரு தழும்பு விழும். சிலருக்கு அது சாகும்வரை அப்படியே வெறும் தழும்பாக இருந்துவிடும். சிலருக்கு மட்டும் அது புற்றாகத் திரும்பும். எது திரும்பும், எது திரும்பாது, திரும்புவதற்கு முன்னால் அதன் முகத்தில் ஏதாவது மாறுகிறதா? இதுதான் என் ஆராய்ச்சி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், வலி வருவதற்கு முன்பே அந்த வாய்களைப் பார்த்திருக்க வேண்டும். வலிக்காத வாயை எந்தப் பெண் ஆஸ்பத்திரியில் வந்து திறந்து காட்டுவாள்?

அதனால் நான்தான் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் பஸ்ஸில் ஒத்தக்கடை வரை போய், அங்கிருந்து வாய்க்கால் கரையோடு நடப்பேன். கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்ட சமயமாக இருந்தால் நடவு வயல்களில் பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்பார்கள். வரப்பில் நின்று டார்ச்சைக் காட்டி, "வாயைக் கொஞ்சம் தொறங்க" என்று கேட்கும் பைத்தியம் ஒன்று வந்திருப்பதாக முதல் நாளே ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

"என்ன தாயி, மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாக்குற மாதிரிப் பாக்குறீக? எனக்கு என்ன வெல சொல்லப் போறீக?" என்று சேற்றுக் கையோடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் ஒருத்தி. வரிசையே சிரித்தது. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கேலி செய்தாளே தவிர, முதலில் வாயைத் திறந்தவளும் அவள்தான். இடது கன்னத்தின் உட்பக்கம், நான் தேடி வந்தது தெளிவாக இருந்தது. சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளைத் தழும்பு.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. மொளகு ரசம் பட்டா மட்டும் சுருக்குங்கும்."

"போயிலைய விட்ருங்க."

"விட்டுட்டுப் பசிக்கு என்னத்த அடக்குறது? நீங்க டார்ச்ச அடக்கச் சொல்வீக போலருக்கே" என்றாள். மறுபடியும் வரிசை சிரித்தது. அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு டார்ச்சு டாக்டரம்மா என்று பெயர்.

அவள் கணவர் தென்னை மரம் ஏறுகிறவர். வாய்க்கால் கரையில் வேறொருவருடைய தோப்பைக் காவல் பார்த்துக்கொண்டு, அங்கேயே ஒரு குடிசை போட்டு இருந்தார்கள். ஒரே மகள், சின்னப் பிள்ளை. நான் போகும்போதெல்லாம் அந்த மனிதர் ஓர் இளநீரைச் சீவி நீட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வார். பேச்சு என்பது அவர் வீட்டில் மனைவி பொறுப்பு. அவள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டு நிற்கும் முகத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். அத்தனை பிரியம்.

அடுத்தடுத்த நடவுக் காலங்களில் அவள் வாயை விடாமல் பார்த்து வந்தேன். என் ஆராய்ச்சிக்குள் இருந்த பெண்களில் ஆரம்பம் முதல் நான் தொடர்ந்து பார்த்துவந்த ஒரே கன்னம் அவளுடையது. மற்றவர்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனார்கள், சிலர் என்னைக் கண்டாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இவள் மட்டும், "வாங்க, இந்த வருசம் வெல ஏறிருக்கா பாருங்க" என்று திறந்து காட்டுவாள்.

ஒரு வருடம் அவள் அதைச் சொல்லவில்லை. தழும்பின் நடுவில் ஒரு புண். ஓரங்கள் தடித்திருந்தன. உப்பு பட்டால் எரிகிறது, கஞ்சி பட்டால் எரிகிறது, ராத்திரி எச்சில் விழுங்கினால்கூட எரிகிறது என்றாள். இளநீர் ஒன்றுதான் எரியாமல் இறங்கியது. கணவர் விடிந்ததும் மரம் ஏறி அவளுக்கென்று வழுக்கை இளநீராகப் பார்த்து இறக்கிவைத்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவாராம்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் என் சந்தேகத்தை வைத்துக்கொண்டு எந்த சர்ஜனும் தாடையில் கை வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது. ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பார்த்து, புற்றுதான் என்று எழுத்தில் வந்தால்தான் ஆபரேஷன். இப்போது செய்தால் பிழைக்க வழியிருக்கிற அளவில்தான் அது இருந்தது. அதைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"கத்தி பட்டாப் பரவிரும் தாயி. முருங்கையப் பாருங்க. சும்மா விட்டா ஒரு மரம். வெட்டிவிட்டா நாலு கொப்பு விடும்."

சதை முருங்கை இல்லை என்று நான் கத்தினேன். சத்தம் போட்டால் விஷயம் விளங்கிவிடும் என்று நம்பிய வயது. அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்தாள். அவர் முதல்முறையாக வாய் திறந்து, "ஒரு தடவ பாத்துருவோம்த்தா. நான் கூட இருக்கேன்ல" என்றார்.

"ஒரு தடவதான்" என்றாள் என்னிடம். "ரெண்டாந்தடவன்னு வந்து நிக்கக் கூடாது."

"ஒரு தடவதான்" என்றேன். துண்டு எடுப்பது அப்படி ஒன்றும் பெரிய காரியமில்லை, ஒரு தடவை போதும் என்பது எனக்கு நிச்சயம்.

நடவை விட்டுவிட்டு மதுரைக்கு வர முடியாது என்று அவள் சொன்னதால், மேலூர் சாலையிலேயே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருமுறை வந்துபோகும் சர்ஜனிடம் சொல்லி ஏற்பாடு செய்தேன். அந்தக் காலத்தில் வெளியூர்த் துண்டுகள் எங்களிடம் வந்து சேரும் முறை ஒன்றுதான். சின்ன பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி, துண்டை அதில் போட்டு, சொந்தக்காரர் கையில் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். தூக்குவாளியில் போட்டு வருவார்கள், மஞ்சப் பையில் போட்டு வருவார்கள், மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள். ஃபார்மலின் என்பது சதையைக் கெடாமல் அப்படியே நிறுத்திவைக்கிற திராவகம். அதன் நெடி கண்ணைத் தாக்கும், மூக்கைத் தாக்கும். பழகிய நாங்களே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடியைத் திறப்போம்.

துண்டு எடுத்த மறுநாள் பகலில் அவள் கணவர் வந்தார். பாட்டிலைத் தோளில் கிடந்த துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி வந்திருந்தார். நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திறந்தேன். கண் எரியவில்லை. நெடியே இல்லை. லேசான இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை வந்தது. உள்ளே கலங்கலான தண்ணீரில் துண்டு வெளுத்துப்போய் மிதந்தது.

"இதுல இருந்த தண்ணி எங்கண்ணே?"

அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். நல்ல காரியம் ஒன்றைச் செய்துவிட்டு அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருப்பவரின் சந்தோஷம்.

"அதக் கொட்டிட்டேன் டாக்டரம்மா. பஸ்ஸுல தெறந்து மோந்து பாத்தேன், என்னா எரிச்சலுங்குறீக! கண்ணத் தொறக்க முடியல. ஏற்கெனவே எரியுது எரியுதுனு துடிக்கிறா. அவ சதையக் கொண்டுபோயி அதுல போட்டுருக்காகளேன்னு மனசு கேக்கல. எறங்கி வீட்டுக்குப் போயி, எளநி ஊத்திக் கொண்டாந்தேன். ராத்திரி ஊத்துனது பழசாயிருச்சுன்னு காலையில வேற எளநி மாத்துனேன். அவளுக்கு அது ஒண்ணுதான் எரியாது."

மற்ற யாராக இருந்தாலும் நான் என்ன கத்து கத்தியிருப்பேன் என்று என் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கதவோரம் நின்ற அட்டெண்டர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் மூடியைத் திரும்ப மாட்டினேன். அந்த மனிதர் எதிரில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டி எடுத்த துண்டுக்கு வலிக்காது என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் மனது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"சரிண்ணே. பாத்துச் சொல்றேன். நாலஞ்சு நாள் கழிச்சு வாங்க" என்றேன்.

அவர் போனதும் துண்டை ஃபார்மலினில் போட்டேன். பிரயோஜனம் இல்லை என்று தெரிந்துதான் போட்டேன். மெழுகில் ஏற்றி நானே சீவினேன். முதல் கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். உயிரணு என்று ஒன்று இருந்தால் நடுவில் நீலமாக ஓர் உட்கரு இருக்கும். புற்றா இல்லையா என்பதை அதன் பருமனையும் கோலத்தையும் வைத்துத்தான் சொல்ல முடியும். இங்கே வெளிறிய சிவப்பில் வெறும் கூடுகள். வீடு இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. மெழுகுக் கட்டி தீரும்வரை சீவிச் சீவிப் பார்த்தேன். எங்காவது ஓர் ஓரத்தில் கொஞ்சம் தப்பியிருக்காதா என்று தேடினேன். இளநீரின் தித்திப்பும் மதுரை வெயிலும் சேர்ந்து அத்தனையையும் தின்று முடித்திருந்தன.

சொன்ன நாளில் அவர் வந்தபோது நான் வேறொரு வேலையாக இருந்தேன். சுவரோர அலமாரிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அந்த அலமாரியில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காகக் கண்ணாடிச் சாடிகளில் உறுப்புகளை வைத்திருப்போம். பல வருடங்களாக ஃபார்மலினில் இருப்பவை. நான் கை கழுவிவிட்டு வந்தபோது அவர் அந்தச் சாடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் இருந்து தண்ணீர் வடிந்தது. அந்த அலமாரியைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு, மயங்கி விழுந்தவர்களும் உண்டு. இவரும் மனைவியை நினைத்து அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"துண்டு சின்னதாப் போச்சுண்ணே. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியல. இன்னொரு தடவ எடுக்கணும்" என்றேன்.

"பத்தலீங்களா?"

"பத்தல."

அவர் சாடிகளை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "சரிங்க தாயி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எப்படி இத்தனை சுலபமாகத் தப்பித்தோம் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொய் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கு அதே இடத்தில் அதே மனிதர் நின்றாலும் அதையேதான் சொல்வேன். சர்ஜனுக்கு உள்ளதை எழுதி அனுப்பினேன். அவருக்குத் தெரிய வேண்டியது அது. இந்த மனிதரிடம் போய், நீ கொடுத்த இளநீர்தான் உன் பெண்டாட்டியின் வாய்ப்பைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தோப்புக்குப் போனேன். டார்ச்சை எடுத்துப் போகவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் சொல்லத் தொடங்குவதற்குள், "ஒரு தடவன்னீகளே தாயி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொன்ன வாக்கை மறந்த ஆளுக்கு ஞாபகப்படுத்துவது மாதிரிச் சொன்னாள்.

கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். நானே பக்கத்தில் நிற்கிறேன், நானே எடுத்துப் போகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கத்தி பட்ட இடம் அதற்குள் கொஞ்சம் வீங்கியிருந்தது. அவள் சொன்னது சரி என்பதற்கு அவளுக்கு அதுவே அத்தாட்சி. கணவர் ஒரு தென்னையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். "அவுகதான் இம்புட்டுச் சொல்றாகல்லத்தா" என்று ஒருமுறை சொன்னார். "நீ சும்மா இரு" என்றாள் அவள். அவர் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருந்ததன் பாரம் எவ்வளவு என்று எனக்கு அன்று தெரியாது.

பிறகு யாரோ ஒருவர் கொடுத்த பச்சிலையை அரைத்துப் பூசினார்கள். நான் போனால் அவள் படுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நடவு முடிந்து, அறுப்பு முடிந்து, பொங்கலும் வந்து போயிற்று. கன்னம் வெளிப்பக்கமாக உடைந்து, குடிக்கும் தண்ணீர் அதன் வழியே வடியத் தொடங்கிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை. வார்டு பெருக்கும் அம்மாள்கூடப் பார்த்துவிட்டுச் சொல்வார். கத்தி வைக்கிற கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது என்று சர்ஜன் கையை விரித்தார்.

நான் வார்டுக்குப் போய்ப் பழக்கமில்லாதவள். அன்று போனேன். துணி கட்டிய முகத்தோடு படுத்திருந்தவள் என்னை அடையாளம் கண்டு, கையை உயர்த்தி டார்ச் அடிப்பது போலக் காட்டினாள். எங்கே அது என்று கேட்கிறாள். நான் என் வெறுங்கையைக் காட்டினேன். அவள் கண் சிரித்தது. வெளியே வராந்தாவில் வந்து நின்று அழுதேன். யார் பார்த்தால் என்ன என்று அழுதேன். சில நாளில் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். தோப்பிலேயே முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

என் ஆராய்ச்சி முடிந்தது. கட்டுரையாக வந்தது. நன்றாக இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள், அடுத்த பதவியும் கிடைத்தது. அதில் அவள் இல்லை. திசு மூலம் உறுதிப்படாத நோயாளியைச் சேர்க்க முடியாது என்றார் என் பேராசிரியர். அது சரியான விதி. நான் மாணவர்களுக்கு இன்றும் அதையே சொல்கிறேன். வெள்ளையாக இருந்ததில் இருந்து உடைந்தது வரை ஒரு வாயை முழுக்கப் பார்த்தேனே, அந்த ஒரு வாயைப் பற்றி மட்டும் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. ஆராய்ச்சிக்காகவும் அழுதேனா, அவளுக்காக மட்டும் அழுதேனா என்று பிரித்துப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

செய்ய முடிந்தது ஒன்றுதான். எங்களுக்குத் துண்டு அனுப்பும் ஆஸ்பத்திரிகளுக்கு எல்லாம் நேரில் போய், பாட்டிலைக் கொடுக்கும்போது சொந்தக்காரர்களிடம் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். "எரியும், எரிஞ்சாலும் கொட்டாதீங்க." இதை ஏன் இந்த அம்மா இப்படி மந்திரம் மாதிரிச் சொல்கிறது என்று நர்சுகள் சிரித்தார்கள். சொல்லவும் செய்தார்கள்.

எண்பதுகள் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் ஆனையூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தோம். ஒத்தக்கடையிலும் வயல்களுக்கு நடுவே கல் ஊன்றி மனை பிரித்திருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் கூடத்து வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து இமை வீங்கியிருந்தது. நெஞ்சோடு அணைத்து ஒரு பாட்டில் வைத்திருந்தார். அவர் யார் என்று என் மூளைக்கு எட்டுவதற்கு முன்பே ஃபார்மலின் நெடி வந்து என் கண்ணைத் தாக்கியது.

மூடி சரியாக இறுகவில்லை. வழியெல்லாம் கசிந்து, அவர் உள்ளங்கைத் தோல் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் சண்டைக்கு வந்து, கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டாராம். அடுத்த பஸ்ஸிலும் ஏற்றவில்லை. மிச்ச தூரம் நடந்தே வந்திருக்கிறார்.

"மகளுக்கு மார்ல ஒரு கட்டி டாக்டரம்மா. கல்யாணம் பேசி வச்சிருக்கு" என்றார். பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஒரு சொட்டுக் கொட்டல" என்றார்.

அவர் கையை முதலில் குழாயடியில் கழுவவிட்டேன். பிறகு வேலையைத் தொடங்கினேன். அந்தக் கட்டியை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே சீவினேன்.

முடிவு வாங்க அவர் வந்தபோது நான் காத்திருந்தேன். "கெட்டது இல்லண்ணே. சாதாரணக் கட்டி. வயசுப் பிள்ளைகளுக்கு வர்றதுதான். எடுத்தாச்சு, இனிமே பயமில்ல. கல்யாணத்த வைங்க" என்றேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீலமா, புள்ளி புள்ளியாத் தெரியுது."

"அதுதான் உட்கரு. ஒவ்வொண்ணும் அடங்கி ஒழுங்கா இருக்கு. அத வச்சுத்தான் நல்லதுன்னு சொல்றது."

அவர் முகத்தை எடுக்காமலே கேட்டார். "அன்னைக்கும் அந்தத் தண்ணியிலேயே விட்டுருந்தா, இம்புட்டுத் தெளிவாத் தெரிஞ்சிருக்குமா டாக்டரம்மா?"

அவர் நிமிர்ந்து அலமாரியைக் காட்டினார். "அன்னைக்கு இங்கன நிக்கச் சொன்னீகல்ல. அம்புட்டுச் சாடியிலயும் அதே நெடி அடிச்சுச்சு. உள்ள இருந்தது ஒண்ணும் கெடல. அப்பவே வெளங்கிருச்சு. நீங்க பத்தலன்னீக. எனக்காகச் சொல்றீகன்னு தெரிஞ்சுச்சு. அதான் மேக்கொண்டு கேக்கல."

இத்தனை வருடமும் நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்த மனிதர், என் பொய்யைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறார். இனிப் பொய்க்கு வேலையில்லை. "தெரிஞ்சிருக்கும்ணே" என்றேன்.

"பொழச்சிருப்பாளா?"

"அது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. பொழைக்க வழி இருந்துச்சு."

அவர் தலையாட்டினார். தோள்துண்டால் கண்ணைத் துடைத்தார். "அவகிட்டச் சொல்லிட்டேன் தாயி. கடைசியில, பேச்சு ஒழுங்கா வராதப்ப. நாந்தான் எளநிய ஊத்திக் கெடுத்துப்புட்டேன்னு கால்ல விழுந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு என்னமோ சொன்னா. வாய்கிட்டக் காத வச்சுக் கேட்டேன். 'அந்தத் துண்டாவது எரியாம இருந்துச்சுல்ல. விடு'ன்னா."

அவர் கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார். நானும் கூடவே வாசல் வரை போனேன். வராந்தாத் தூணுக்குப் பின்னால் ஒரு சாக்குப்பை சாய்த்து வைத்திருந்தது. அவர் அதைச் சட்டென்று கையால் மறைத்து எடுத்துக்கொண்டார்.

"அது என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. வெறுங்கையோட வரக் கூடாதேன்னு கொண்டாந்தேன். பெறகு உள்ள கொண்டுவரக் கூச்சமாயிருச்சு."

நான் பையைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு இளநீர்.

"சீவுங்க" என்றேன்.

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்து அரிவாளை எடுத்து ஒன்றைச் சீவி, அதன் கண்ணைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார். வாங்கி, அவர் பார்க்கப் பார்க்கக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.